இரண்டு துகள்கள் ஏன் ஒட்டவில்லை: ஒரு பொட்டென்ஷியல் தேடலின் நிகழ்வு ஆய்வு

4 நானோமீட்டர் விட்டமுள்ள இரண்டு டைட்டானியம் டைஆக்சைடு துகள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சூடாக்கினால் அவை ஒட்டிக்கொள்ள வேண்டும். தொடும் இடத்தில் ஒரு கழுத்து உருவாகி, அது மெல்லத் தடிக்க வேண்டும். உருகாமலேயே நடக்கும் இந்த இணைப்பைத்தான் சின்டரிங் என்கிறோம். சோதனைச்சாலையில் அன்றாடம் நடக்கும் விஷயம் இது. அணு அணுவாக இதை நடத்திப் பார்த்த எங்கள் கணினியில் மட்டும் நடக்கவில்லை. ஆயிரம் கெல்வினில் இரண்டு துகள்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போய், கணக்கிடும் பெட்டியின் பாதி நீளத் தூரத்தில் நின்றுகொண்டன.

மூன்று வாரம் நாங்கள் குறை சொன்னது பொட்டென்ஷியலை. தவறு அங்கே இல்லை என்பது கடைசியில்தான் தெரிந்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். கனிம நானோ பொருள்களுக்குப் பொட்டென்ஷியல் தேடும் யாருக்கும் இதே குழி காத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

எங்கே தேடினோம்

பொட்டென்ஷியல் என்று நான் சொல்வது, அணுக்கள் இருக்கும் இடங்களைக் கொடுத்தால் மொத்த ஆற்றலைத் திருப்பித் தரும் சார்பு. அதன் சரிவிலிருந்து விசை கிடைக்கும், விசையிலிருந்து அடுத்த நொடித்துளியில் அணு எங்கே இருக்கும் என்பது கிடைக்கும். மூலக்கூறு இயக்கவியலின் உயிர் அந்தச் சார்பில்தான் இருக்கிறது.

உலோகமாக இருந்திருந்தால் தேடல் அரை நாளில் முடிந்திருக்கும். டாவும் பாஸ்கெஸும் 1984-இல் விரிவாக எழுதிய, ஒவ்வோர் அணுவும் சுற்றியுள்ள எலக்ட்ரான் அடர்த்தியில் பதிந்திருப்பதாகக் கொள்ளும் ஈஏஎம் முறையில் தாமிரம், நிக்கல், அலுமினியம் என்று ஏராளமான கோப்புகள் இருக்கின்றன. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் நடத்தும் களஞ்சியத்தில் அவற்றை அப்படியே எடுத்து லாம்ப்ஸ் என்ற மூலக்கூறு இயக்கவியல் நிரலில் ஓட்டலாம். ஓப்பன்கிம் களஞ்சியம் இன்னொரு படி மேலே போகிறது. ஒவ்வொரு மாதிரிக்கும் பதிப்பு எண்ணோடு ஓர் அடையாளம் உண்டு, அந்த மாதிரி என்ன கணிக்கிறது என்று சோதித்த முடிவுகளும் பக்கத்திலேயே இருக்கும். சிலிக்கானுக்கு 1985-இன் ஸ்டில்லிங்கர்–வெபர் இருக்கிறது, டெர்சாஃப் இருக்கிறது.

ஆக்சைடு, சல்ஃபைடு, செலினைடு என்று வந்தவுடன் நிலைமை மாறிவிடுகிறது. பெரும்பாலும் கோப்பு இருக்காது, ஒரு கட்டுரையின் அட்டவணை இருக்கும். காட்மியம் செலினைடு நானோ படிகம் என்றால் ரபானி 2002-இல் வெளியிட்ட, அணுக்களை இரண்டிரண்டாக எடுத்துக் கணக்கிடும் இணைப் பொட்டென்ஷியல். சிலிக்கா என்றால் 1990-இன் பிகேஎஸ் பொட்டென்ஷியல். ஆக்சிஜனின் எலக்ட்ரான் மேகம் நெளிவதையும் சேர்க்க வேண்டுமானால் டிக்கும் ஓவர்ஹவுசரும் 1958-இல் சொன்ன கரு–ஓடு மாதிரி. டைட்டானியம் டைஆக்சைடுக்கு முதலில் கைக்கு வருவது மட்சுய்–அகாவோகி, 1991.

நாங்கள் அதைத்தான் எடுத்தோம், காரணத்தோடுதான் எடுத்தோம். டைட்டானியம் டைஆக்சைடின் படிக உருவங்களான ரூட்டைல், அனடேஸ், புரூக்கைட் ஆகியவற்றையெல்லாம் ஒரே அளபுருத் தொகுப்பால் விவரிக்கும் எளிய மாதிரி அது. ஒவ்வொரு டைட்டானியத்துக்கும் +2.196, ஒவ்வொரு ஆக்சிஜனுக்கும் −1.098 என்று மாறாத மின்னூட்டம். அதோடு பக்கிங்ஹாம் வடிவில், அதாவது தூரத்தோடு அடுக்குக்குறியில் குறையும் ஒரு குறுந்தூர விலக்கமும் ஒரு சிதறல் ஈர்ப்பும். 2005-இல் கோபார்டேவும் கம்மிங்ஸும் டைட்டானியா துகள்களின் சின்டரிங்கை ஆராய்ந்ததும் இதே பொட்டென்ஷியலை வைத்துத்தான். எங்கள் கேள்விக்கு முன்னோடி இருந்தது.

அட்டவணையிலிருந்து கோப்புக்கு

இங்கே ஒரு சின்ன வழுக்கல் நடந்தது. மூலக் கட்டுரையில் விலக்கப் பகுதி நாம் வழக்கமாக லாம்ப்ஸில் எழுதும் வடிவத்தில் இல்லை. ஒவ்வொரு அணு வகைக்கும் ஓர் ஆரமும் ஒரு மென்மை எண்ணும் தந்து, அவற்றைக் கூட்டி அடுக்குக்குறியில் போட்டு, முன்னால் 4.184 கிலோஜூல் என்ற ஒரு மாறிலியால் பெருக்குகிறார்கள். அந்த 4.184 ஒரு கிலோகலோரியைத் தவிர வேறொன்றுமில்லை. நாங்கள் அலகு மாற்றும்போது அதை 1 என்று விட்டுவிட்டோம்.

விலக்கம் நான்கில் ஒரு பங்கு ஆனால் என்ன ஆகும்? அடுக்குக்குறிச் சார்பில் ஒரு எண்ணால் வகுப்பதும் முழு வளைகோட்டையும் பக்கவாட்டில் நகர்த்துவதும் ஒன்றுதான். டைட்டானியம்–ஆக்சிஜன் இணைக்கு மென்மை நீளம் 0.194 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு). 4.184-இன் இயல் மடக்கை 1.43. பெருக்கினால் 0.28. அதாவது இரண்டு அணுக்களும் 0.28 ஆங்ஸ்ட்ராம் கூடுதலாக நெருங்கிய பிறகுதான் அதே விலக்கத்தை உணரும். அனடேஸில் அந்தப் பிணைப்பின் நீளமே 1.93-க்கும் 1.98-க்கும் இடையில்தான். அலகுக்கூட்டை (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய துண்டை) ஒருமுறை தளர்த்திப் பார்த்தபோதே அது சுருங்கி நின்றது, பிழை அன்றைக்கே பிடிபட்டது.

சரியான எண்களையும் எழுதி வைக்கிறேன், தேடுகிறவர்களுக்கு உதவும். விலக்கத்தின் வலிமை, மென்மை நீளம், சிதறல் எண் என்ற வரிசையில், எலக்ட்ரான் வோல்ட், ஆங்ஸ்ட்ராம் அலகுகளில் டைட்டானியம்–ஆக்சிஜன் 16957.5, 0.194, 12.59. ஆக்சிஜன்–ஆக்சிஜன் 11782.8, 0.234, 30.22. டைட்டானியம்–டைட்டானியம் 31120, 0.154, 5.25. இவற்றைப் போட்டபின் அனடேஸின் அலகுக்கூடு சோதனை அளவான 3.785, 9.514 ஆங்ஸ்ட்ராமுக்கு அருகில் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் மேற்கொண்டு ஓட்ட வேண்டாம்.

பக்கிங்ஹாம் என்றவுடன் எல்லாரும் பயப்படும் இன்னொரு விஷயத்தையும் பார்த்தோம். தூரம் மிகக் குறையும்போது சிதறல் பகுதி விலக்கத்தை விழுங்கி, ஆற்றல் அதலபாதாளத்துக்குப் போகும். பிகேஎஸ் சிலிக்காவில் இது நிஜமான தொல்லை: உயர் வெப்பநிலையில் அணுக்கள் ஒன்றுக்குள் ஒன்று விழுந்துவிடும், தடுக்க ஒரு திருத்தம் சேர்த்தாக வேண்டும். எங்கள் எண்களில் அந்தத் தடுப்புச்சுவர் அரை ஆங்ஸ்ட்ராமுக்குச் சற்று மேலே, பல நூறு எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் கெல்வினில் எந்த அணுவும் அங்கே ஏற முடியாது. கதிர்வீச்சுச் சேதத்தை ஆராய்கிறவர்கள்தான் கவலைப்பட வேண்டும்.

துகள்கள் விலகிப்போனது

பெரிய அனடேஸ் கட்டியிலிருந்து 2 நானோமீட்டர் ஆரத்தில் ஒரு கோளத்தை வெட்டினோம். சுமார் 2950 அணுக்கள். அதை நகலெடுத்து, பரப்புக்கும் பரப்புக்கும் 1 நானோமீட்டர் இடைவெளி விட்டு வைத்தோம். ஓட்டினோம். விலகின.

உடனே வந்த எண்ணம்: இது பருப்பொருளுக்கு, அதாவது பெரிய கட்டிக்குப் பொருத்திய பொட்டென்ஷியல், நானோ துகளுக்கு ஒத்துவரவில்லை. அந்த எண்ணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 4 நானோமீட்டர் கோளத்தில் வெளிப்புற 0.3 நானோமீட்டர் ஓட்டுக்குள் இருக்கும் அணுக்கள் எத்தனை என்று கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 39 சதவீதம் வருகிறது. உள்ளே டைட்டானியத்துக்கு 6 அண்டை ஆக்சிஜன், ஆக்சிஜனுக்கு 3 அண்டை டைட்டானியம். வெளியே அவை 5, 2 என்று குறைகின்றன. விளிம்பில் இன்னும் குறையும். பொருத்தும்போது பார்த்தே இராத சூழலில் ஐந்தில் இரண்டு அணு நிற்கிறது. சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்?

அதனால், குவாண்டம் கணக்குகளின் முடிவுகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் இயந்திரக் கற்றல் பொட்டென்ஷியலுக்குத் தாவினோம். 2007-இல் பெஹ்லரும் பாரினெல்லோவும் தொடங்கிவைத்த வழி இன்று வெகுதூரம் வந்துவிட்டது. 2023-இல் வந்த மேஸ்-எம்பி-0 போன்ற பொது மாதிரிகள் தனிமவரிசை அட்டவணையின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. தனியாகப் பயிற்சி கொடுக்காமலேயே அனடேஸை ஓட்டலாம். ஓட்டினோம்.

இந்த முறை துகள்கள் விலகவில்லை. நெருங்கவும் இல்லை. இருந்த இடத்திலேயே அதிர்ந்துகொண்டு நின்றன.

இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இதை யோசித்ததில்தான் முடிச்சு அவிழ்ந்தது. அந்த மாதிரியில் ஓர் அணு 6 ஆங்ஸ்ட்ராம் வரைதான் பார்க்கும். அண்டை அணு தான் கண்டதை அடுத்த அணுவுக்குச் சொல்லும், இரண்டு அடுக்கு, ஆக 12 ஆங்ஸ்ட்ராம் எட்டும் என்று நாங்கள் எண்ணினோம். படிகத்துக்குள் அது உண்மை. வெற்றிடத்தில் செய்தியைக் கைமாற்றிவிட இடையில் அணுவே இல்லையே! 10 ஆங்ஸ்ட்ராம் வெற்றிடத்தைத் தாண்டி ஒரு துகளுக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது. விசை துல்லியமாகச் சுழியம். நீள்தூர மின்நிலை விசை அந்த மாதிரியில் கிடையாது.

அப்படியானால் முதல் ஓட்டத்தில் 10 ஆங்ஸ்ட்ராம் தாண்டித் தள்ளியது மின்நிலை விசையாகத்தான் இருக்க வேண்டும். அப்புறம் நாங்கள் செய்தது, முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை: அணுக்களை எண்ணினோம். கோளமாக வெட்டும் கத்திக்கு வேதி விகிதம் தெரியாது. ஒவ்வொரு துகளிலும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கைத் தாண்டி 10 ஆக்சிஜன் அதிகமாக இருந்தது.

பத்துதானே என்று தோன்றும். மாறாத மின்னூட்ட மாதிரியில் அது −10.98 எலக்ட்ரான் மின்னூட்டம். இரண்டு துகளின் மையங்களும் 50 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில். 10.98-இன் வர்க்கத்தை, இந்த அலகுகளில் கூலும் மாறிலியான 14.4-ஆல் பெருக்கி 50-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 35 எலக்ட்ரான் வோல்ட். ஆயிரம் கெல்வினின் வெப்ப ஆற்றல் 0.086. நானூறு மடங்கு விலக்கத்தை எதிர்த்து எந்தத் துகள் ஒட்டும்? பெட்டி எல்லாப் பக்கமும் மீண்டும் மீண்டும் வருவதால், இரு பக்க நகல்களும் சமமாகத் தள்ளும் நடுவிடத்தில் போய் நின்றிருக்கின்றன. பாதி நீளத்தின் மர்மம் அவ்வளவுதான்.

லாம்ப்ஸ் சொல்லாமல் விடவில்லை. அமைப்பு மின்நடுநிலையில் இல்லை என்ற எச்சரிக்கை பதிவுக் கோப்பில் முதல் நாளிலிருந்தே இருந்தது. நீள்தூர மின்நிலை விசைகளைக் கணக்கிடும் எவால்டு வகைக் கூட்டலில் மீதி மின்னூட்டத்தை ஒரு சீரான பின்னணியால் ஈடுசெய்துவிட்டு நிரல் தொடர்ந்து ஓடும், நிற்காது. அதனால் யாரும் பார்க்கவில்லை. இயந்திரக் கற்றல் மாதிரியோ எச்சரிக்கவே வழியில்லாதது. அதற்கு மின்னூட்டம் என்ற கருத்தே கிடையாது, எத்தனை ஆக்சிஜன் கூடினாலும் ஏதோ ஓர் ஆற்றலைச் சொல்லும்.

துகளைத் திருத்துவது

அதிகமான 10 ஆக்சிஜனை நீக்கினால் போதும் என்று உட்கார்ந்தால், எதை நீக்குவது என்ற கேள்வி வருகிறது. ஒரே ஒரு டைட்டானியத்தோடு மட்டும் ஒட்டித் தொங்கும் ஆக்சிஜன்களை முதலில் எடுப்பது நியாயம். ஆனால் அவற்றையெல்லாம் ஒரே பக்கத்திலிருந்து எடுத்தால் மொத்த மின்னூட்டம் சுழியமாகும், இருமுனை (நேர், எதிர் மின்னூட்டங்களின் மையங்கள் விலகி நிற்பதன் அளவு) பெரிதாகிவிடும். ஓர் ஆக்சிஜனைத் துகளின் ஒரு முனையிலிருந்து எதிர்முனைக்கு மாற்றினாலே 1.098 பெருக்கல் 40 ஆங்ஸ்ட்ராம், 211 டிபை. நீர் மூலக்கூறின் இருமுனை 1.85 டிபைதான். கோபார்டே–கம்மிங்ஸ் ஆய்வே துகள்களின் இருமுனை இடைவினை சின்டரிங்கின் தொடக்கத்தில் முக்கியம் என்று கண்டது. நாம் கத்தியால் உண்டாக்கிய இருமுனையும் துகளின் சொந்த இருமுனையும் கலந்துவிட்டால், பிறகு எதைப் பார்த்து எதைச் சொல்வது?

கோளத்தையே கைவிட்டோம். அனடேஸின் இயல்பான முகங்களான 101-ஐயும் 001-ஐயும் (முகத்தின் திசையைக் குறிக்கும் எண்கள் இவை) வைத்து, உச்சி வெட்டிய இரட்டைப் பிரமிடாகக் கட்டி, மூலைகளில் மிஞ்சியதை எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து சமமாக எடுத்தோம். டாஸ்கர் 1979-இல் செய்த மேற்பரப்பு வகைப்பாடு இங்கே கைகொடுக்கும். அடுக்குக்கு அடுக்கு இருமுனை சேரும் மூன்றாம் வகை முகம் வருமாறு வெட்டினால் எந்தப் பொட்டென்ஷியலும் காப்பாற்றாது. ஆவர்த்தனப் பெட்டியின் நகல் தொல்லையும் வேண்டாம் என்று, எல்லையற்ற வெற்றிடத்திலும் வேலை செய்யும் எம்எஸ்எம் கூட்டல் முறைக்கு மாறினோம்.

மீண்டும் அதே மட்சுய்–அகாவோகி. துகள்கள் மெல்லத் திரும்பின, நெருங்கின, தொட்டன, கழுத்து விழுந்தது. மூன்று வாரம் பழி சுமந்த பொட்டென்ஷியல் அது.

அப்படியானால் பொட்டென்ஷியல் சரியா?

எந்தக் கேள்விக்கு என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

மேற்பரப்பைத் தனியே சோதித்தோம். எலக்ட்ரான்களையே கணக்கிடும் டிஎஃப்டி என்ற குவாண்டம் முறையில் அனடேஸ் 101 முகத்தின் ஆற்றல் சதுர மீட்டருக்கு அரை ஜூலை ஒட்டி வருகிறது, 001 முகத்துக்கு ஏறத்தாழ இரட்டிப்பு. மட்சுய்–அகாவோகி வரிசையைச் சரியாகத் தந்தது: 101 தாழ்ந்தது, 001 உயர்ந்தது. அளவு இரண்டிலுமே டிஎஃப்டியைவிட நன்றாக அதிகம். மேற்பரப்பில் மின்னூட்டம் மறுபங்கீடு ஆக இந்த மாதிரியில் இடமில்லை, அதனால் இது எதிர்பார்த்ததுதான். சின்டரிங்கை உந்துவதே மேற்பரப்பு ஆற்றல் என்பதால், கழுத்து வளரும் வேகத்தை எண்ணாகச் சொல்வதை நாங்கள் கைவிட்டோம். எந்த முகம் எதோடு சேர விரும்புகிறது, திசை பொருந்தித் தொடுகிறதா என்பதைச் சொல்ல இந்த மாதிரி போதும் என்று முடிவெடுத்தோம்.

மின்னூட்டம் மாற வேண்டுமானால், பிணைப்புகள் உடைவதையும் சேர்வதையும் கணக்கிடும் ரியாக்ஸ்எஃப்எஃப் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் மின்னூட்டத்தைப் புதிதாகச் சமன்செய்யும், காலப்படி 0.25 ஃபெம்டோநொடி அளவுக்குச் சிறிதாக வேண்டும், செலவு பல மடங்கு. அதன் அளபுருக்கள் எரிதல் கிளை, நீர்க்கரைசல் கிளை என்று பிரிந்தவை. ஒரு கிளையின் ஆக்சிஜனை இன்னொரு கிளையின் டைட்டானியத்தோடு சேர்த்து ஒட்டினால், ஓடும் ஒரு கோப்பு கிடைக்கும், அர்த்தம் கிடைக்காது. நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

நாங்கள் பதில் சொல்ல மறுத்த கேள்வி ஒன்று உண்டு. கழுத்துப் பகுதியில் அனடேஸ் ரூட்டைலாக மாறுகிறதா? பருப்பொருளில் ரூட்டைல்தான் நிலையானது. ஆனால் அனடேஸின் மேற்பரப்பு ஆற்றல் குறைவு என்பதால், சுமார் 14 நானோமீட்டருக்குக் கீழே அனடேஸ் வெல்கிறது என்று ஜாங்கும் பேன்ஃபீல்டும் 1998-இல் காட்டினார்கள். இரண்டு 4 நானோமீட்டர் துகள் சேர்ந்தால் எங்கே நிற்கும் என்பது அழகான கேள்விதான், நானும் பதில் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். ஆனால் இரண்டு உருவங்களுக்கும் இடையிலான என்தால்பி வேறுபாடு அளந்து பார்த்ததில் மோலுக்கு 2.6 கிலோஜூல். அணு ஒன்றுக்கு 0.009 எலக்ட்ரான் வோல்ட்.

அந்த நூலிழைப் போட்டியில் மேற்பரப்பு ஆற்றலை உயர்த்திச் சொல்லும் ஒரு மாதிரியை நம்ப முடியாது. இயந்திரக் கற்றலை நம்பலாமா? நன்கு பயிற்சி பெற்ற மாதிரியின் பிழையே அணுவுக்குச் சில மில்லி எலக்ட்ரான் வோல்ட், கேட்கும் வேறுபாடோ ஒன்பது. அதைவிட ஆழமான சிக்கல், இந்தப் பொது மாதிரிகள் பெரும்பாலும் பிபிஇ என்ற தோராயத்தில் செய்த டிஎஃப்டி தரவில் கற்றவை. பிபிஇ-யோ அனடேஸைத்தான் ரூட்டைலைவிட நிலையானதாகக் காட்டுகிறது. ஆசிரியரே தலைகீழாகச் சொன்னதை மாணவர் எவ்வளவு துல்லியமாகப் படித்தால் என்ன? மேலும், இவற்றின் தரவு பெரும்பாலும் சமநிலைக்கு அருகில் எடுக்கப்பட்டது என்பதால், பிணைப்புகளை இயல்பைவிட மென்மையாகக் காட்டும் போக்கு 2024-இல் பதிவாகியிருக்கிறது. மேற்பரப்பும் கழுத்தும் சமநிலையிலிருந்து விலகிய இடங்கள்தான்.

ஆனாலும் அந்த மாதிரியை நாங்கள் தூக்கிப்போடவில்லை. துகள்கள் தொட்ட பிறகு, வெற்றிடம் இல்லாத இடத்தில் அதன் குறை பெரிதும் மறைகிறது. கழுத்திலிருந்து சிறு துண்டுகளை வெட்டி, இரு மாதிரிகளும் தரும் விசைகளை டிஎஃப்டியோடு ஒப்பிட்டோம். ஐந்து அண்டையுள்ள டைட்டானியங்களில் இரண்டும் ஓரளவு ஒத்துப்போயின. நான்கு அண்டையுள்ளவற்றில் மட்சுய்–அகாவோகி தெளிவாகப் பின்தங்கியது. அந்த அணுக்கள் கழுத்தின் விளிம்பில்தான் குவிகின்றன. விளிம்பின் வடிவம் பற்றி நாங்கள் எழுதிய ஒரு பத்தியை அதனால் நீக்கினோம்.

இப்போது எந்த ஓட்டத்துக்கும் முன் மொத்த மின்னூட்டமும் இருமுனையும் தனிக் கோப்பில் எழுதப்படுகின்றன. மின்னூட்டம் சுழியமாக இல்லையென்றால் எங்கள் நிரல் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது நீர். காற்றுபட்ட எந்த டைட்டானியா துகளும் அம்மணமாக இருப்பதில்லை, ஹைட்ராக்சிலும் நீரும் போர்த்தியே இருக்கும். பண்டுராவும் குபிக்கியும் 2003-இல் மட்சுய்–அகாவோகியை நீரோடு சேரும்படி நீட்டினார்கள். அதை வைத்து ஒரே ஒரு துகளை, ஒற்றை நீரடுக்கோடு ஓட்டத் தொடங்கியிருக்கிறோம். மேற்பரப்பில் ஹைட்ராக்சில் சேர்த்த முதல் முயற்சியில் மொத்த மின்னூட்டம் சுழியமாக வரவில்லை, நிரல் நின்றுவிட்டது. எந்த ஹைட்ரஜன் விடுபட்டது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.